கதவுக் கைப்பிடியில் தொங்கிய குளிசைப் பை

எனக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. கோயிலில் பூசை முடியுமுன்பே வெளியே வந்து சப்பாத்துத் தேடுகிறவள் நான். கவிதை எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியில் எழுந்து அடுப்பைத் துடைக்கத் தொடங்குவேன். அதனால்தான் இந்த வேலை உமக்குப் பொருந்தியிருக்கு என்று என் கணவர் சொல்வார். காலை ஏழரைக்குத் தோள்பையை எடுத்தால் பிறகு நடைதான். மின்தூக்கி, படி, கதவு, சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை, "குமோர்ன்" என்று ஒரு காலை வணக்கம், மறுபடியும் படி, மறுபடியும் கதவு. ஒஸ்லோவில் அம்மருட்டைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களை எழுப்பி, கால்மேசு மாட்டி, மருந்து கொடுத்துவிட்டு வருகிற நகரசபைப் பணியாளர்களில் நானும் ஒருத்தி.

மருந்துக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. நாளுக்கு நான்கு வேளை, ஏழு நாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி மூடி. தாதி அதைக் கிழமைக்கொரு தடவை நிரப்புவார். இன்னொரு தாதி சரிபார்ப்பார். நான் மூடியைத் திறந்து கையில் கொடுப்பதற்கு முன் பெட்டியில் உள்ள பெயரைப் பார்க்க வேண்டும், ஆளின் பெயரையும் பிறந்த நாளையும் கேட்க வேண்டும், விழுங்கும்வரை நிற்க வேண்டும், பிறகு ஒப்பமிட வேண்டும். எனக்கு ஆறு வருடமாகத் தெரிந்த ஒரு பழைய ட்ராம் ஓட்டுநர் இருக்கிறார். தினமும் அவரையும் கேட்கிறேன். "நான் யாரென்று இன்னுமா உனக்குத் தெரியவில்லை?" என்று அவர் தினமும் கோபிப்பார். தெரியும், ஆனாலும் சொல்லுங்கள் என்பேன். சொல்வார். அவருடைய உள்ளங்கையில் மூன்று குளிசைகள், வெள்ளை இரண்டு, இளஞ்சிவப்பு ஒன்று. சன்னலுக்கு வெளியே பிர்ச் மரம், பனியோ இலையோ, அந்தந்த மாதத்துக்கு உரியது.

அதே கையால்தான் மாலையில் எங்கள் வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தின் நான்காம் மாடிக்குப் போய், ஒரு கதவின் கைப்பிடியில் குளிசைப் பையைக் கொழுவிவிட்டு வந்தேன். இரண்டு வருடம் அப்படிச் செய்தேன்.

அந்தக் கதவுக்குப் பின்னால், ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதியின் வீட்டில், சன்னலோரச் சின்ன அறையில் தையல் அக்கா இருந்தார். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தோம். சேலைச் சட்டை அவர் தைத்தால் தோளில் ஒரு மடிப்பும் விழாது. தஞ்சம் கேட்டு வந்தவர். இரண்டு தடவை மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. போகவும் முடியவில்லை, இருக்கவும் அனுமதியில்லை, இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. ஊரிலேயே சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, பிடித்திருந்தது.

இந்த நாட்டில் நாம் எல்லோரும் பதினொரு இலக்கங்கள். அந்த எண் இருந்தால் தொலைபேசி, வங்கி, நூலகம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வைத்தியர். உங்களுக்கென்று, பெயர் போட்டு, சட்டப்படி. பிடிக்காவிட்டால் கைபேசியில் விரலால் தட்டி வேறொருவரை எடுத்துக்கொள்ளலாம். நான் மூன்று பேரை மாற்றியிருக்கிறேன். ஒருவரை, அவர் கணினித் திரையிலிருந்து தலையை நிமிர்த்தாத காரணத்துக்காக.

அக்காவுக்கு அந்தப் பதினொன்றும் இல்லை.

எங்களுடைய வழமையான புலம்பல் ஒன்று உண்டு. நான்கு தமிழர் கூடினால் வைத்தியர்களைத் திட்டுவோம். தலைவலி என்று போனாலும் முழங்கால் என்று போனாலும் பாரசிட்டமோலைப் போட்டுவிட்டுப் படுங்கோ என்கிறார்கள், இதைச் சொல்லவா இத்தனை வருடம் படித்தார்கள் என்று. ஒருநாள் அளவெடுக்கப் போன இடத்தில் நான் இதையே சொல்லிச் சிரித்தபோது, அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி சொன்னார்: "திட்டுறதுக்கெண்டாலும் உமக்கொரு டொக்டர் இருக்கிறார், பிள்ளை."

ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த குளிசை முடிந்துவிட்டது என்று அன்றுதான் சொன்னார். அதுவும் நான் இரண்டு தடவை கேட்ட பிறகு. என் கணவருக்கும் சீனி. வைத்தியர் அவருக்கு அளவைக் குறைத்திருந்ததால் வீட்டில் ஓர் அட்டை மிச்சம் கிடந்தது. அடுத்த நாள் சட்டைத் துணியோடு சேர்த்து ஒரு பையில் போட்டு, கையில் கொடுத்தால் கூச்சப்படுவார் என்று கைப்பிடியில் கொழுவிவிட்டு வந்தேன்.

அது ஒரு வழக்கமாகிவிட்டது. என் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் மாமிக்குத் தெரிந்தது. மாமிக்குத் தெரிந்தால் நகரத்தின் மறுபக்கம் ட்வெய்ட்டா வரை தெரியும். தைக்கக் கொடுப்பவர்கள் துணிக்குள் சுருட்டி ஓர் அட்டை சீனிக் குளிசை, பாதிப் பெட்டி பிறஷர் குளிசை, ஒருதடவை யாரோ கண்ணுக்கு விடுகிற மருந்துகூட வைத்தார்கள். சட்டை தைத்து முடிந்ததும் அதே பை நம் வீட்டுக் கைப்பிடிக்குத் திரும்பி வரும். யாரும் இதைப்பற்றி வாய்விட்டுக் கதைத்ததில்லை. எங்களுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இந்த நாடு கொடுக்காததை நாங்கள் கொடுக்கிறோம் என்ற பெருமை. படியிறங்கும்போது என் கால்கள் இலேசாக இருந்ததை இப்போதும் ஞாபகம் வைத்திருக்கிறேன், வெட்கத்தோடு.

இரண்டாவது வருடம் ஜூன் மாதம், தேர்த் திருவிழாவுக்கு முன், தையல் கோணத் தொடங்கியது.

முதலில் மாமிதான் சொன்னார். மின்தூக்கிக்குள் என்னை மறித்து, தோளிலிருந்த சால்வையை விலக்கிக் காட்டினார். "இதைப் பாரும். கொழுக்கி ஒரு பக்கம், வளையம் வேறை ஒரு பக்கம். நான் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு சாமிக்கு முன்னாலை நிக்கவேணும். மூச்சு விட்டன் எண்டால் எல்லாம் போச்சு."

"அவசரத்திலை தைச்சிருப்பா, மாமி."

"அவசரமோ. அக்கா இருவது சட்டையை ஒரு கிழமையிலை தைச்ச ஆள். எனக்கென்னவோ அவவுக்குப் பார்வை மங்குது போலை."

ஒரு சனிக்கிழமை மதியம் என் துணியோடு போனேன். வீட்டுக்காரர் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்கா சன்னலருகே நின்று ஊசியை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, நூலை அதன் காதுக்கு மேலும் கீழுமாகக் குத்திக்கொண்டிருந்தார்.

"கோத்துத் தாரும், பிள்ளை. வெளிச்சம் காணாது."

ஜூன் மாதத்து ஒஸ்லோவில், மதியத்தில், வெளிச்சம் காணாது என்றார். அறை முழுக்க வெயில் கொட்டிக் கிடந்தது. நான் கோத்துக் கொடுத்தேன்.

அளவு நாடாவை என் மார்பைச் சுற்றி எடுத்தார். எண்ணைச் சொல்லவில்லை. மறுபடி சுற்றினார். மூன்றாவது தடவை சுற்றியபோது அவருடைய விரல்கள் நடுங்குவது என் முதுகுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். நெற்றி வேர்த்து வழிகிறது. உதடு வெளுத்திருக்கிறது. "பஸ் போகப்போகுது, கதவைச் சாத்தும்" என்று சம்பந்தமில்லாமல் சொல்லிக்கொண்டே அப்படியே துணிக் குவியலின் மேல் சரிந்து உட்கார்ந்தார்.

இந்த வேர்வையை நான் முதியவர்களின் படுக்கையறைகளில் பார்த்திருக்கிறேன். சமையலறைக்கு ஓடினேன். சீனிப் போத்தலைத் தேடி, அரைக் கோப்பைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, தலையைத் தாங்கிச் சிறிது சிறிதாகக் குடிக்க வைத்தேன். அந்தப் பத்து நிமிடமும் நான் அசையாமல் இருந்தேன். என் வாழ்க்கையில் நான் அசையாமல் இருந்த நேரங்கள் குறைவு.

நினைவு தெளிந்ததும் கேட்டேன், "காலமை என்ன போட்டனீங்கள், அக்கா?"

தையல் மெசின் லாச்சியைக் காட்டினார். இரண்டு பெட்டிகள். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளையும் பச்சையும். "அது நீர் தந்தது, சீனிக்கு. மற்றது மாமி தந்தது, அதுவும் சீனிக்கு. கண் மங்கிக்கொண்டு வருது, தேருக்கு முன்னம் சட்டையள் குடுக்கவேணும். ரெண்டு பேரிலை ரெண்டு மருந்து, ரெண்டையும் சேத்துப் போட்டால் கெதியிலை மாறுமெண்டு நினைச்சனான். சாப்பிடவும் நேரமில்லை."

மருந்துக் கடையில் ஒவ்வொரு தடவையும் நம்மைக் கேட்பார்கள்: இதே மருந்து வேறு கம்பனியில் இருக்கிறது, அதைத் தரலாமா? நாம் தலையாட்டுவோம். பெட்டியின் நிறம் மாறும், பெரிய எழுத்தில் உள்ள பெயர் மாறும். உள்ளே இருக்கிற சாமான் என்ன என்று சின்ன எழுத்தில் கீழே இருக்கும், அது மாறாது. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சின்ன எழுத்தைப் படித்தேன். ஒரே மருந்து. என் கணவர் மஞ்சளில் விழுங்குவதை மாமியின் வீட்டில் பச்சையில் விழுங்குகிறார்கள். அக்கா இரட்டை மடங்கு விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு தைத்திருக்கிறார்.

அந்தச் சின்ன எழுத்தைப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். முந்திய நாள்கூட ஒன்பது வீடுகளில் படித்து ஒப்பமிட்டிருந்தேன். இந்த வீட்டுக்கு மட்டும் சுருட்டிக் கொழுவிவிட்டுப் போயிருக்கிறேன்.

"வெளிக்கிடுங்கோ, அக்கா. அவசர வைத்தியத்துக்குப் போவம். இந்தக் குளிசை உடம்பிலை கனநேரம் நிக்கும். சீனி திருப்பியும் இறங்கும்."

"எனக்கு இப்ப சுகம்."

"இல்லை."

"அங்கை போனால் பொலிசுக்குச் சொல்லுவினம்."

"சொல்லமாட்டினம். சொல்ல அவையளுக்குச் சட்டமில்லை."

"சட்டம் உமக்கு, பிள்ளை."

அவசர எண்ணுக்கு நானே அடித்தேன். எதிர்முனைத் தாதி, ஆள் யார் என்று கேட்பதற்கு முன் என்ன விழுங்கினார், இப்போது கதைக்கிறாரா என்று கேட்டார். உடனே கூட்டிவாருங்கள் என்றார். என் கணவர் காரைக் கொண்டுவந்தார். பின் இருக்கையில் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, என் கணவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "உம்மடை நம்பரைச் சொல்லும். ஆருக்குத் தெரியப்போகுது. வயசு ஏழெட்டுத்தானே வித்தியாசம். அவையளுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம்."

இப்படி எண் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அன்பினால்தான் கொடுத்தார்கள். என் வாயும் திறந்தது. அந்த எண் எனக்கு என் நாடித்துடிப்பு மாதிரி, நினைக்காமலே வரும். ஆனால் லாச்சிக்குள் கிடந்த அந்த இரண்டு பெட்டிகள் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"என்ரை நம்பரிலை உங்கடை ரத்தத்தை எழுதினால், நாளைக்கு எனக்குச் சீனியெண்டு மருந்து தருவினம். உங்களுக்கு ஒண்டும் இருக்காது, அக்கா. நீங்கள் வந்துபோனதே இருக்காது. மற்ற ஆளின்ரை மருந்தைப் போட்டுத்தானே இப்ப போறியள்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். சன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

வரவேற்பில் இருந்த பெண் எண்ணைக் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா நிலத்தைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் கையில் துணி சுற்றிய ஒரு இளைஞன் நின்றான். ஒரு குழந்தை இருமியது. நான் அந்த நேரத்தில் ஓடிப்போயிருக்கக்கூடியவள். என் கால்கள் அதற்குத் தயாராகவும் இருந்தன.

"இக்கெ நும்மர்," என்றார் அக்கா. எண் இல்லை. அவருடைய நோர்வேஜிய மொழி அவ்வளவுதான்.

"அது பரவாயில்லை," என்றார் அந்தப் பெண், வாங்கிய பாலுக்குப் பை வேண்டாம் என்று சொன்னால் கடைக்காரர் சொல்கிற அதே சாதாரணக் குரலில். "பெயரும் பிறந்த நாளும் சொல்லுங்கள். ஒரு தற்காலிக எண் போடுகிறேன்."

அக்கா சொன்னார். தகப்பனின் பெயரை முதலில், பிறகு தன் பெயரை, ஒவ்வோர் எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிட்டால் சொல்வது மாதிரி. ஆறு வருடம் அவர் தைத்த சட்டைகளைப் போட்டிருக்கிறேன். அவருடைய பெயர் எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

நான் மொழிபெயர்க்கிறேன் என்று சொன்னேன். தாதி சிரித்துக்கொண்டே மறுத்தார். நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது அவருடைய உரிமை, நீங்கள் அவருடைய சினேகிதி, வெளியே இருந்து தேத்தண்ணி குடியுங்கள் என்றார். தொலைபேசியில் யாரோ கிடைத்தார்கள். பிறகு அக்கா சொன்னார்: "இந்தியாப் பிள்ளை போலை. படத்திலை கதைக்கிற மாதிரிக் கதைச்சுது. நான் குளிசை எண்டால் அது மாத்திரைங்களாம்மா எண்டுது. ஆனால் நல்ல பிள்ளை. நான் அழுதனான், அது பேசாமல் இருந்துது, நான் முடிக்குமட்டும்."

பின்னேரம்வரை அவரைப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். சீனி இன்னொரு தடவை இறங்கத்தான் செய்தது. இந்தமுறை கையில் ஊசி ஏறியிருந்தது, பக்கத்தில் ஆள் இருந்தது. விடும்போது இளம் வைத்தியர் ஒருவர் எங்களோடு வந்து உட்கார்ந்தார். அவசரம் என்றால் யாராக இருந்தாலும் பார்ப்போம் என்றார். அதற்குமேல், மாதாமாதம் மருந்து, கண் பரிசோதனை, இதற்கெல்லாம் உங்களுக்கு இங்கே குடும்ப வைத்தியர் தர எனக்கு வழியில்லை. அதைச் சொல்லும்போது அவருடைய காதுகள் சிவந்தன. ஆனால் நகரத்துக்குள் ஓர் இடம் இருக்கிறது, எண் இல்லாதவர்களுக்கு, வைத்தியர்களும் தாதிகளும் தங்கள் வேலை முடிந்த பிறகு சும்மா வந்து பார்க்கிற இடம். முகவரியை எழுதித் தந்தார். "கண்ணைக் கட்டாயம் காட்டுங்கள். கண்ணுக்குக் காத்திருக்கத் தெரியாது."

காரில் அக்கா அந்தத் துண்டை நான்காக மடித்தார்.

"விழுந்தால் தூக்குவினமாம். நல்ல சனம்தான். விழாமல் நிக்கிறதுக்குத்தான் இடமில்லை."

"இடம் இருக்கெண்டு சொல்லித்தானே எழுதித் தந்தவர்."

"சும்மா வந்து பாக்கிறவையை நான் போய்க் கரைச்சல்படுத்தவோ? ஒருக்கா முகம் காட்டினது காணும்."

அடுத்த கிழமை நான் கூட்டிப்போக வந்தபோது மாமியின் சட்டையை வெட்டிக்கொண்டிருந்தார், நேரமில்லை என்றார். அதற்கடுத்த தடவை தலைவலி. குளிசைப் பை இனிக் கூடாது என்று நான் வீடுவீடாகப் போய்ச் சொல்லியிருந்தேன். அது இலகுவாக இருக்கவில்லை. நாங்கள் நல்லதுக்குத்தானே செய்தனாங்கள் என்றார்கள். ஓம், நானும் நல்லதுக்குத்தான் செய்தனான், நான்தான் தொடக்கினனான் என்றேன். ஒரு வீட்டில் கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்தினார்கள். மிச்சமிருந்த எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளி மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். அங்கே அதற்கென்று ஒரு தொட்டி இருக்கிறது. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் இப்போது அக்காவிடம் அவசரத்தில் தந்த கொஞ்ச நாள் மருந்து மட்டும்தான் இருந்தது. நாங்கள் கொடுப்பதையும் நிறுத்தினோம், அவர் போகவும் மாட்டேன் என்கிறார். கண்ணுக்குக் காத்திருக்கத் தெரியாது. என் படிகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் இந்த வரி கூடவே ஏறி இறங்கியது.

வழி கண்டுபிடித்தது மாமி. தன் பச்சைப் பெட்டிக்குத் தானே பொறுப்பு என்று அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்வி. மூன்றாம் நாள் தொலைபேசியை எடுத்தார். அம்மருட்டிலிருந்து ட்வெய்ட்டா வரை ஒரு செய்தி போனது: அக்கா வைத்தியரிடம் போய்க் கண்ணைக் காட்டும்வரை ஒருத்தரும் அவவிடம் துணி கொடுக்கக் கூடாது. தேர் வந்தால் வரட்டும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தத் தையல்தானே அவருடைய சீவியம் என்றேன்.

"அரிசி, மரக்கறி, வாடகை எல்லாத்தையும் நாங்கள் பாப்பம். அது அவவுக்கும் சொல்லியாச்சு," என்றார் மாமி. "துணிதான் குடுக்கமாட்டம். கண் போனால் பிறகு எனக்கு ஆர் தைக்கிறது? சுயநலம் எண்டே வைச்சுக்கொள்ளும்."

கைப்பிடி வெறுமையாகக் கிடந்தது. திங்கள், செவ்வாய், புதன். தேருக்கு முந்திய கிழமையில் அந்தக் கதவு அப்படி இருந்ததே இல்லை. தேரன்று வந்து பார்த்தால் பெண்கள் எல்லோரும் போன வருடத்துச் சட்டைகளில், அதற்கு முந்திய வருடத்துச் சட்டைகளில், பிதுங்கிக்கொண்டு வடம் பிடிக்கிறார்கள். மாமி ஒரு பொட்டு மூச்சும் விடாமல் நின்றார். கூட்டத்தின் ஓரத்தில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவராக, தோளிலிருந்து இடுப்புவரை பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கு எவ்வளவு தெரிந்ததோ தெரியாது. பழைய தையல்கள் என்பது தெரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை எனக்கு அடித்தார். "வாரும், போவம். என்ரை பேரைக் கெடுக்கவெண்டே எல்லாரும் சேந்து நிக்கிறியள்."

ஐந்து மணிக்கு நான் போனபோது, தலைக்குக் குளித்து, பட்டுச் சேலை கட்டி, பவுடர் போட்டு, கலியாண வீட்டுக்குப் போவது மாதிரி நின்றார். நாங்கள் வைத்தியரிடம் அப்படித்தான் போவோம். வருத்தத்தை வீட்டில் விட்டுவிட்டு, இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, எப்படி இருக்கிறீர்கள் என்றால் நல்ல சுகம் என்று சொல்வோம்.

நகரத்துக்குள், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. பெயர்ப்பலகை சின்னது. காத்திருக்கும் அறையில் எத்தனையோ நாட்டு முகங்கள், யாரும் யாரையும் ஏன் என்று பார்க்கவில்லை. வெள்ளைத் தலைமுடியும் கம்பளிக் கால்மேசுமாக ஒரு ஓய்வுபெற்ற வைத்தியர் அம்மா வந்து கதவில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார், உச்சரிப்பு இன்னும் கோணலாக. நான் அக்காவின் முழங்கையைத் தட்டினேன்.

"உங்களைத்தான்."

"ஓமோ," என்று திடுக்கிட்டு எழும்பினார். "ஆரோ ஒரு ஆளாக்குமெண்டு இருந்திட்டன்."

இங்கேயும் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். ஆனால் அக்கா என்னையும் உள்ளே இருக்கச் சொன்னார். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சீனியின் எண் நன்றாக இருக்கிறதே என்றார் வைத்தியர் அம்மா. அக்கா என்னைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். பிறகு கையிலிருந்து ரத்தம் எடுத்து ஒரு சின்ன மெசினில் வைத்தார்கள். அது கடந்த மூன்று மாதக் கதையைச் சொல்லும் என்றார் தாதி. அக்காவின் சிரிப்பு மெல்ல இறங்கியது.

மூன்று மாதமும் சீனி கூடத்தான் இருந்தது என்று மெசின் சொன்னது. வைத்தியர் அம்மா கோபிக்கவில்லை. "இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்?"

"நேற்று மத்தியானத்துக்குப் பிறகு ஒண்டும் இல்லை," என்றார் அக்கா. "முதல்முதலா வாறன். நம்பர் வடிவா இருக்கட்டுமெண்டு."

தொலைபேசிக்குள் மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. மொழிபெயர்த்ததும் வைத்தியர் அம்மாவும் சிரித்தார், அடக்காமல். மேசை லாச்சியைத் திறந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்தார், தன் இரவுச் சாப்பாடு போல, பழுப்புச் சீஸ் வைத்தது. பாதியைப் பிய்த்து நீட்டினார். "அடுத்தமுறை வருத்தத்தையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதைப் பார்க்கத்தான் நான் இருக்கிறேன்."

அக்கா அந்தச் சீஸைச் சாப்பிட்ட முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனாலும் முழுதும் சாப்பிட்டார்.

கண்ணை இரண்டு கிழமை கழித்து ஒரு கண் வைத்தியர் படமெடுத்துப் பார்த்தார், அவரும் சும்மா வருகிறவர்தான். விழித்திரையில் சேதம் தொடங்கியிருக்கிறது, தொடக்கம்தான் என்றார். மங்கலில் பாதி, சீனி ஏறி இறங்கி ஆடியதால் வந்தது. அது நின்றால் மங்கலும் குறையும். ஆனால் வருடாவருடம் பார்க்க வேண்டும். வருடாவருடம் என்ற சொல்லைக் கேட்டு அக்கா என்னைப் பார்த்தார். இந்த நாட்டில் யாரும் அவரோடு அடுத்த வருடத்தைப்பற்றிக் கதைத்ததில்லை.

எண் இன்னும் வரவில்லை. வழக்கறிஞர் ஒருவர் கோப்பை மறுபடி திறந்திருக்கிறார், அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன், சொல்லத் தெரியாது. சும்மா வருகிற நல்ல மனிதர்களின் மாலை நேரத்தில் ஒருவருடைய கண் தங்கியிருப்பது சரியான ஏற்பாடு இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஒரு வைத்தியர் எனக்கு இருப்பதுபோல் அவருக்கும் இருக்க வேண்டும், எடை தெரியாமல், திட்டிக்கொண்டு, விரலால் மாற்றிக்கொண்டு. வேலையிடத்துக் கூட்டத்தில் ஒருநாள் எழுந்து இதைச் சொன்னேன். எழும்புவது எனக்குப் பழக்கம்தானே, அன்று அதற்கு ஒரு உபயோகம் இருந்தது. கூட்டம் முடிந்ததும் எங்களுடைய தாதிகளில் ஒருத்தி அந்த இரண்டாம் மாடி முகவரியைக் கேட்டு வாங்கினாள். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவளும் அங்கே இருக்கிறாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய். மழையும் இலையும் சேர்ந்து தண்டவாளத்தில் வழுக்கியதால் ரயில் நின்று நின்று வந்தது. அரை மணி நேரம் பிந்திவிட்டேன். அக்கா தனியாக அங்கே, என்னைக் காணாமல் திரும்பிப் போயிருப்பார் என்று நினைத்துப் படிகளில் ஓடினேன். காத்திருக்கும் அறையில் அவருடைய குடை மட்டும் கதிரையில் சாய்ந்து நின்றது. எங்கள் தாதி என்னைக் கண்டு, உள்ளே போய்விட்டார் என்று கண்ணால் காட்டினாள். பெயரை ஒரே தடவைதான் கூப்பிட்டாளாம்.

நான் குடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெளியே வந்தபோது வீட்டுச் சட்டைக்கு மேல் ஒரு கம்பளி, பவுடர் இல்லை. கையில் ஏழு நாள் மூடிகள் வைத்த பெட்டி, நான் ஒவ்வொரு காலையும் திறக்கிற அதே பெட்டி. அதன் மேல் அவருடைய பெயர், முழுதாக, அவர் கையாலேயே எழுதியது.

"பிந்தி வந்திட்டீர்," என்றார்.

"ரயில், அக்கா. என்ன சொன்னவ டொக்டர்?"

"குறைஞ்சிருக்காம். காலிலை எரிவு எண்டு சொன்னன், நல்ல சுகமெண்டு பொய் சொல்லாமல் சொன்னன். பாரசிட்டமோலைப் போட்டிட்டுப் படுக்கட்டாம்." குடையை எடுத்து உதறினார். "இதைச் சொல்லவோ இவ்வளவு படிச்சவ?"

படியிறங்கும்போது, தேருக்குத் தைக்காமல் விட்ட என் சட்டை முடிந்துவிட்டது, காலையில் கைப்பிடியில் கொழுவியிருக்கிறேன் என்றார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். கை இருக்க வேண்டிய இடத்தில் கை, கொழுக்கிக்கு நேரே வளையம். ஆனால் இடுப்பில் இறுக்கமாக இருந்தது. உடனே அடித்துச் சொன்னேன்.

"அது என்ரை கண் இல்லை, பிள்ளை," என்றார். "ஜூனிலை மூண்டு தரம் அளந்தனான். நீர் கொஞ்சம் ஓரிடத்திலை இருக்கத் தொடங்கியிட்டீர் போலை."